அத்தை போட்ட கையெழுத்து

கதிரு,

மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ கத்துவாய், நடுவில் யாராவது ஒருத்தர் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. கோபம் வந்தால் உனக்குப் பசி கூடும், உன் அப்பாவைப் போல. ஹாஸ்டலில் வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பாய். இங்கே செலியமேட்டில் நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். மாமாவுக்கு அனுப்பச் சொல்லி நீ வைத்துவிட்டுப் போன அந்த வக்கீல் நோட்டீஸ், டிவிக்கு மேலே வைத்தது வைத்தபடி இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. இதை எழுத எனக்கு மூன்று மதியம் ஆயிற்று.

லீவுக்கு வந்தபோது அந்தத் தடிச் சட்டப் புத்தகத்தை அடுப்படிக்கே கொண்டுவந்து படித்தாய். கான்ட்ராக்ட் பேப்பரில் மார்க் குறைந்துவிட்டது என்று எனக்கு ஒப்பித்துக் காட்டினாய். நானும் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். ஒப்பந்தம் என்றால் ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சரி என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். மிரட்டி வாங்கிய சம்மதம், பொய் சொல்லி வாங்கிய சம்மதம், ஒருவர் பிடியில் இன்னொருவர் மாட்டியிருக்கும்போது வாங்கிய சம்மதம், இதெல்லாம் சம்மதத்தில் சேர்த்தி இல்லை. “இதுல இன்னாடா இருக்குது, மாடு வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் தெரியாததா? இதுக்குப் போயி அஞ்சு வருஷமா?” என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். “அம்மா, தாத்தா கருமாதி முடிஞ்சி மாமா உன்னாண்ட கையெழுத்து வாங்கினாரே, அன்னிக்கு இன்னா சொன்னாரு?” என்று கேட்டாய்.

நான் சொன்னேன். நடந்தது அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டேன். கரிக்கலாம்பாக்கத்தில் என் அப்பாவுக்குக் காரியம் முடிந்து, பந்தியும் முடிந்து, நாங்கள் எல்லாரும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “எல்லா வூட்லயும் நடக்கறதுதானே தங்கச்சி, நாளைக்கு ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுடலாம். உனக்குத்தான் செலியமேட்ல நிலம் இருக்குது. நாளைக்கி உன் புள்ள கல்யாணத்துல தாய்மாமனா நான் வந்து நிக்க வாணாமா?” என்றார். அவ்வளவுதான். மிரட்டல் என்று அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. போடவில்லையென்றால் பொங்கல் வரிசை வராது, நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, பிறந்த ஊர் பஸ்ஸில் ஏறினால் எங்கே இறங்குவது என்று தெரியாது. மறுநாள் அவர் காரிலேயே போய், என் பங்கு நிலம் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் வாங்கித் தந்த ஜூஸையும் குடித்துவிட்டு பஸ் ஏறி வந்தேன்.

நீ எழுந்து நின்றுவிட்டாய். “இதுதாம்மா அன்டியூ இன்ஃப்ளூயன்ஸ். தகாத செல்வாக்கு. புக்ல இருக்கறது அப்படியே உனக்கு நடந்திருக்குது. மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், இன்னும் டைம் இருக்குது” என்று குதித்தாய். இரண்டே நாளில் யாரோ சீனியர் வக்கீலைப் பிடித்து நோட்டீஸும் அடித்துக் கொண்டுவந்துவிட்டாய். நான் மாட்டேன் என்றதும் உனக்கு முகம் சிவந்துபோயிற்று. “நீ ஒரு பயந்தாங்கொள்ளிம்மா. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் ஊர்ல எல்லா அண்ணனும் தங்கச்சி கைய புடிச்சி கையெழுத்து வாங்குறான்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். நான் வாசல்வரை வந்தது உனக்குத் தெரியாது. நீ திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பயந்தவள் என்பது சரி. ஆனால் நான் போடாமல் இருந்தது பயத்தால் இல்லையடா. நீ போவதற்கு முந்தின நாள் புத்தகத்தில் ஒரு இடத்தைப் படித்துச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் சும்மா கொடுத்த வாக்கு செல்லாது, ஆனால் நெருங்கிய சொந்தக்காரர்கள் அன்பும் பாசமும் காரணமாக எழுதி, அதைப் பதிவும் செய்துவிட்டால் செல்லும் என்றாய். “மாமா இதத்தாம்மா புடிச்சிக்குவாரு. ஆனா அந்த அன்பு நெசமா இருக்கணும், எழுதி வெச்சா மட்டும் போதாது” என்றாய். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். நம் மாட்டை விற்று ஒரு வருஷம் ஆகிறது. அந்த வேகத்தில் நீ அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“அன்பும் பாசமும் காரணமாக” என்று டைப் அடித்த பத்திரம் ஒன்று நம் பீரோவில் இருக்கிறது கதிரு. அது மாமா என்னிடம் வாங்கியது இல்லை. நான் உன் அஞ்சலை அத்தையிடம் வாங்கியது.

உன் அப்பாவுக்கு உடன்பிறப்பென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளை அரியூரில் கொடுத்திருந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உன் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் ஆயாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நிலத்தில் அவளுக்குப் பாதி, உன் அப்பாவுக்குப் பாதி. அவள் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அறுவடைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவோம். வாங்கிக்கொண்டு, “எதுக்கு அண்ணி இவ்ளோ” என்பாள். நீ பிறந்த வருஷம் நாம் போர்க் கிணறு போட பேங்கில் கடன் கேட்டோம். பட்டா ஒரே பேரில் இருந்தால்தான் ஆகும் என்றார்கள். உன் அப்பா தங்கையிடம் கேட்கக் கூச்சப்பட்டார். “பொம்பளைங்க நீங்க பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார். அவரை அப்பாவி என்று நினைக்காதே. நான் பேசினால் எப்படிப் பேசுவேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் போர் மட்டும் காரணமில்லை. அஞ்சலைக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. பிள்ளை இல்லாதவளுக்கு நிலம் எதற்கு, நாளைக்கு அவள் புருஷன் வீட்டார் வந்து நிற்பார்களே என்று என் புத்தி போயிற்று. அவள் நிலம், யார் வந்து நின்றால் எனக்கென்ன? இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

நீ மூன்று மாதக் குழந்தை. என் அம்மா வீட்டிலிருந்து உன்னை இங்கே அழைத்துவந்து, பேர் வைக்க நாள் குறித்தோம். நம் பக்கத்தில் பிள்ளைக்குப் பேர் வைப்பது அத்தைதான். அவள் மடியில் வைத்து, காதில் மூன்று முறை அவள் கூப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும். அஞ்சலை இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டாள். நோட்டுத் தாளில் பேர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கதிர்வேல் என்ற பேருக்கு மட்டும் அடியில் கோடு போட்டிருந்தாள். உன்னைக் குளிப்பாட்டுவதும் சாம்பிராணி காட்டுவதும் அவள்தான். நீ அவள் மேலே ஒன்றுக்குப் போனால்கூட, “பாருங்க அண்ணி, என் மருமவன் எனக்கு அபிஷேகம் பண்றான்” என்று சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு துணி அலசும்போதுதான் நான் போய்ப் பேச்சை எடுத்தேன்.

“அஞ்சல, ஒன்னு சொன்னா தப்பா நெனக்காத. எங்கூட்டு ஆளுங்க, புள்ள இல்லாதவ மடியில வெச்சி பேரு வெக்கக் கூடாதுன்னு பேசிக்கிறாங்க. என் சித்தி வந்து வெக்கட்டும்னு சொல்றாங்க. நான்தான் என் நாத்தனார் வெச்சாத்தான் ஆச்சின்னு சண்ட போட்டுக்கினு இருக்கேன்” என்றேன். அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அந்த இடைவெளியில்தான் சொன்னேன், “உங்க அண்ணனுக்கும் ஒரு கையெழுத்து வேணுமாம். போர் போடறதுக்கு. பேரு வெக்கற அன்னிக்கே காலையில பாகூர் போயி முடிச்சிக்கினு வந்துட்டா எல்லாருக்கும் வாய அடைச்சிடலாம்.” அவள் ஒன்றும் கேட்கவில்லை. “சரி அண்ணி” என்றாள். என் வீட்டு ஆட்கள் யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லையடா. முழுக்க நானே கட்டிச் சொன்னது. குழந்தை இல்லாத ஒருத்தியிடம், குழந்தை பெற்ற மூன்றாம் மாதத்தில், பால் கட்டிய மாரோடு நின்று நான் சொன்னேன். இதை எழுதும்போது என் கையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பேர் வைத்த அன்று காலையில் பாகூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரம் எழுதுகிறவர் முழுவதும் படித்துக் காட்டினார். அன்பும் பாசமும் காரணமாக என் அண்ணனுக்கு விட்டுக் கொடுத்தேன் என்ற இடம் வந்தது. அஞ்சலை அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. “சீக்கிரம் முடியுங்களா சார்? நல்ல நேரம் போயிடும்” என்றுதான் இரண்டு முறை கேட்டாள். உள்ளே அதிகாரி, “சம்மதத்தோடதானம்மா போடுற?” என்று கேட்டார். “எங்க அண்ணன் வூடுதான சார்” என்று சிரித்தாள். கையெழுத்துப் போட்டு, பெருவிரலில் மை வைத்து உருட்டி, அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். வீட்டுக்கு வந்ததும் உன்னை வாங்கி மடியில் போட்டு, காதோடு வாய் வைத்து, கதிர்வேல், கதிர்வேல், கதிர்வேல் என்றாள். விரலில் மிச்சமிருந்த மை உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. திருஷ்டிப் பொட்டு தானாகவே விழுந்துவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ரேவதி பிறந்தாள். அதற்குப் பிறகு அவள் புருஷன் செத்துப்போனதும், வாடகை வீட்டில் அவள் தையல் மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், ரேவதி பிளஸ் டூவோடு நின்றதும் உனக்குத் தெரியும். நாம் செய்யவில்லையா என்றால் செய்தோம். அரிசி கொடுத்தோம், தீபாவளிக்குத் துணி எடுத்தோம். ஒவ்வொரு தரமும் கொடுக்கும்போது, பார் நான் எவ்வளவு நல்லவள் என்று எனக்கே ஒரு நிம்மதி வரும். அவளுடையதிலிருந்துதான் அவளுக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீ சட்டம் படிக்கப் போனபோது அவள் அரியூரிலிருந்து வந்து, உனக்குக் கறுப்புக் கோட்டு நான்தான் தைப்பேன் என்று அளவெடுத்துக்கொண்டு போனாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மாமா என்னிடம் கையெழுத்து வாங்கிய அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அஞ்சலை முகம்தான் வந்தது. இப்படித்தான் இருந்திருக்குமா அவளுக்கு என்று நினைத்தேன். அப்படியும் போய்ச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஐப்பசியில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் போனேன். ரேவதியை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, “அஞ்சல, அன்னிக்கி எங்கூட்ல யாரும் அப்படி பேசல. நான் பொய் சொன்னேன்” என்றேன். சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, “தெரியும் அண்ணி” என்றாள். “அன்னிக்கே பந்தியில உங்க சித்தி எம் பக்கத்துலதான் உக்காந்தாங்க. நீ வெச்சதுதாம்மா பொருத்தம்னு எங்கைய புடிச்சி சொன்னாங்க. அப்பவே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சி ஏண்டி கேக்கல? இத்தன வருஷம் ஒரு வார்த்த கேக்கலயே!” என்றேன். கேட்காதது அவள் குற்றம் போலக் கோபம் வேறு வந்தது எனக்கு. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “கேட்டா புள்ளய தூக்க வுடுவீங்களா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்குப் போனால் காய் கிடைக்குமா என்பது போலத்தான் கேட்டாள். விடுவேன் என்று சொல்லியிருந்தால் அது பொய். விட்டிருக்க மாட்டேன் கதிரு. அந்த வயதில் நான் விட்டிருக்கவே மாட்டேன். நாலாம் நாள் அவள் போய்விட்டாள். நீ தோள் கொடுத்துக்கொண்டு முன்னால் அழுதுகொண்டே நடந்தாய். பெற்ற பிள்ளை மாதிரி அழறானே என்று ஊர் சொல்லிற்று. நான் பின்னால் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டேன். அதில் பாதிதான் துக்கம்.

பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் கொடுத்தாள் என்றுதான் அந்தப் பத்திரம் சொல்கிறது. வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். உன்னை மடியில் வைத்துக்கொள்ளவும், வருஷா வருஷம் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகவும் அவள் பாதி நிலத்தைக் கொடுத்தாள். யாரும் விலை வைக்கக் கூடாத ஒன்றுக்கு நான் விலை வைத்தேன். அதனால்தான் உன் நோட்டீஸில் எனக்குக் கையெழுத்து வரவில்லை. வஞ்சிக்கப்பட்ட பெண் என்று அதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். நம் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் நான் யார் என்று தெரிந்துவிடும். மாமாவிடம் நான் கேட்கத்தான் போகிறேன். நேரில் போய் என் வாயால் கேட்பேன், கொடுக்காவிட்டால் அப்போது உன் நோட்டீஸைப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் என் கை சுத்தமாக வேண்டும்.

நீ வக்கீலாகப் போகிறாய். இனி உன் எதிரில் என்னைப் போலவும் அஞ்சலையைப் போலவும் நிறைய பேர் வந்து உட்காருவார்கள். மிரட்டினார்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அடித்தார்களா, இல்லை. பாசத்தில் போட்டேன் சார் என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதே. போடாமல் இருந்திருந்தால் உனக்கு என்ன ஆகியிருக்கும் அம்மா என்று ஒரு கேள்வி கேள். அவர்கள் உடனே பதில் சொல்லமாட்டார்கள். தலைப்பைச் சரிசெய்வார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். அவசரப்படாமல் உட்கார்ந்திரு. உன் வாத்தியார்கள் எனக்கு மேலே படித்தவர்கள்தான், ஆனால் அவர்கள் யாரும் இப்படி ஒரு கையெழுத்தை வாங்கியிருக்கமாட்டார்கள். நான் வாங்கியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

பாகூர் போய் அதே பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்தேன். தலையெல்லாம் நரைத்துவிட்டது, அவருக்கு எங்களை ஞாபகமில்லை. இவ்வளவு வருஷமானதை இனி யாரும் கேட்க முடியாது, நீங்கள் பயப்படாதீர்கள் அம்மா என்று எனக்கே தைரியம் சொன்னார். கேட்க ஆள் இல்லாததுதான் என் பயமே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஏரிப் பக்கத்துப் பாதியை ரேவதி பேருக்கு செட்டில்மெண்ட் எழுத என்ன வேண்டும் என்று கேட்டேன். உன் அப்பா இறந்த பிறகு நிலம் பிரிக்காமல் நம் இரண்டு பேர் மேலும் இருப்பதால், உன் கையெழுத்தும் வேண்டும் என்றார். நல்ல தண்ணீர் வருகிற பக்கம் அது, போர் இருக்கிற பக்கமும் அதுதான். கொடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது கரும்புக் கொல்லை மட்டும். உன் படிப்பு இன்னும் முடியவில்லை. இதெல்லாம் யோசிக்காமல் நான் கேட்கவில்லை. ரேவதியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் நீ அழுவாய். உன்னை எனக்குத் தெரியும். அழுத கண்ணோடு கையெழுத்துப் போடுகிறேன் என்று பஸ் ஏறி வந்துவிடாதே. மனசு இளகிய நேரம் பார்த்துப் பேனாவை நீட்டுவதுதான் அன்றைக்கு நான் செய்தது. இந்தக் கடிதத்தையே அப்படி ஒரு பேனாவாக நான் நீட்டுகிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அதனால் நாலு நாள் போகட்டும். என்னைத் தவிர வேறு யாரையாவது கேள், அந்தச் சீனியரையே கேள். இது என் பாவம், நீ ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றினால் அதிலும் நியாயம் இருக்கிறது. உனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, நிலம் வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை.

பொங்கலுக்கு வா. முடிவு என்ன என்று நான் கேட்கமாட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இது உன் வீடுதான். அஞ்சலையிடம் இதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அம்மா